ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே

செத்தவன் பேசுவதில் நல்லசிவத்துக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் உயிரோடு இருந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன், செத்து வருடம் திரும்புகிற நேரத்தில் இனிக்க இனிக்கப் பேசினால் எங்கேயோ இடிக்கத்தானே செய்யும்?

"மச்சானா? குரலு மச்சான் குரலாட்டவே இருக்குதே. வா மச்சான், உக்காரு. மேகலா, மச்சானுக்குச் சேரை இழுத்துப் போடு. அந்தக் கால் ஆடற சேரைப் போட்டுறாத."

மேசை மேல் இருந்த பெட்டிதான் பேசியது. சாம்பல் நிறம், ஒரு அரிசிப் படி அளவு. குரல் அச்சாக ஈஸ்வரமூர்த்தியின் குரல். சொல்லுக்குச் சொல் நடுவே தொண்டையைச் செருமுவதுகூட அவனுடையதுதான்.

நல்லசிவம் உட்காரவில்லை. துண்டை எடுத்து வலது தோளில் இருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"இது அவனில்ல" என்றார்.

அவருடைய தங்கை மேகலா சுவரோரம் நின்றிருந்தாள். அவள் மகள் இனியா எழுந்து பெட்டியின் பித்தானை அமுக்கினாள். அது அடங்கியது. பதிவு அலுவலகத்தில் இருந்து வந்திருந்த ஆள் மட்டும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இன்றைக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி.

"யோசிச்சுச் சொல்லுங்க பெரியவரே. சாட்சி 'இல்ல'ன்னு சொல்லிட்டா நான் பெட்டியைத் துடைச்சுட்டுப் போகணும். சட்டம் அப்படி."

அந்தச் சட்டம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் நாள் எண்ணிக்கொண்டு கிடப்பவர்களின் தலையில் குல்லாய் மாதிரி ஒன்றை மாட்டி, நினைப்பது, சொல்ல வருவது, எதற்குக் கோபம் வரும், எதற்குச் சிரிப்பு வரும் என்று அத்தனையையும் உறிஞ்சி எழுத்தாக்கி ஒரு கோப்பில் வைத்தார்கள். ஆள் போன பிறகு அந்தக் கோப்பு பெட்டியாகி வீட்டுக்கு வந்தது. முதலில் ஜனங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்புறம் திருத்த ஆரம்பித்தார்கள். குடிகார அப்பன் செத்ததும் நல்லவனானான். ராத்திரியும் பகலும் மருமகளைப் பிடுங்கித் தின்ற கிழவி, பெட்டிக்குள் போன பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். வேலூர் ரோட்டில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கொரு நாள் அப்பனைத் திருத்தித் திருத்தி, கடைசியில் அந்தப் பெட்டி எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. திருத்தித் தருவதற்கென்றே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைகள் முளைத்தன. அதன் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. வருசத் திதிக்குள் பெட்டியைப் பூட்டிவிட வேண்டும். பூட்டிய பிறகு ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது. பூட்டுவதற்கு முன்னால், சொத்தில் பங்கு இல்லாத, ஆனால் செத்தவனை நன்றாகத் தெரிந்த ஒரு சொந்தம், பெட்டியோடு பேசிப் பார்த்து "இவர்தான்" என்று சாட்சி சொல்ல வேண்டும்.

மேகலா வீட்டில் அப்படி ஒரு ஆள் வேண்டுமென்றால் அது அவளுடைய அண்ணன்தான். வேறு யாரும் இல்லை. அதனால்தான் பல வருடங்களாக மிதிக்காத வாசலை நல்லசிவம் இன்றைக்கு மிதித்திருந்தார்.

மிதிக்காததற்குக் காரணம் ஒரு போர்.

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நல்லசிவத்திடம் அப்போது இரண்டு ரிக்கு வண்டி இருந்தது. நாடெல்லாம் போய்ப் போர்க்குழாய்க் கிணறு போட்டுக்கொடுத்த ஆள். ஈஸ்வரமூர்த்தி அதே வண்டியில் அவரோடு பல காலம் துளையிடும் ராடு மாட்டியவன்தான். அவருடைய தங்கையைக் கட்டியவன். ஒரு வறட்சியில் ஈஸ்வரமூர்த்தியின் தோட்டத்தில் தென்னை காய்ந்தது. மச்சானுடைய வண்டிகள் இரண்டும் ராஜஸ்தானில் நின்றிருந்தன. இவன் சங்ககிரிக்காரன் ஒருவனுடைய வண்டியைக் கூப்பிட்டுப் போர் போட்டுவிட்டான். மச்சான் ரிக்கு வைத்திருக்கும்போது மாப்பிள்ளை தோட்டத்தில் வெளியாள் வண்டி நிற்கிறது என்றால், மச்சான் செத்துப்போனான் என்று ஊருக்கு அறிவித்த மாதிரி. சங்ககிரிக்காரன் போட்ட போரில் தண்ணீர் வரவில்லை, புழுதிதான் வந்தது. கேள்விப்பட்டு நல்லசிவம் சந்தோசப்பட்டார். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஈஸ்வரமூர்த்தியும் வளைந்துகொடுக்கவில்லை. கலியாண வீடுகளில் இருவரும் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

அப்படிப்பட்டவன்தான் இப்போது கால் ஆடாத நாற்காலியாகப் பார்த்துப் போடச் சொல்கிறான்.

"ஆரு திருத்துனது?" என்று நல்லசிவம் தங்கையைக் கேட்டார். "நீயா? கடையில குடுத்தயா?"

"கடைக்கெல்லாம் போகலைங்கண்ணா."

"அப்ப நீதான்."

மேகலா மகளைப் பார்த்தாள். இனியா இன்ஜினியரிங் காலேஜில் பாடம் சொல்லிக்கொடுப்பவள். கணினி வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் அதிகாரியிடம் திரும்பினாள்.

"சார், சாட்சி கேட்டா, எது எது திருத்துனதுன்னு வித்தியாசம் பாக்கலாம்தானுங்க?"

"பாக்கலாம்மா. விதியில இருக்கு. ஆனா அந்தக் கருப்புத் திரைக் கட்டளையெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது பூட்டற பட்டன் ஒண்ணுதான்."

"நான் போடறனுங்க."

இனியா மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தாள். கம்பெனிக்காரன் கொடுத்த திரையில் பூவும் விளக்குமாக ஈஸ்வரமூர்த்தியின் படம் சிரித்தது. அதை மூடினாள். கருப்பாக ஒரு திரை வந்தது. அதில் எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"மாமா, இங்க பாருங்க. அப்பாவோட கோப்பு மூணு பதிப்பா இருக்குது. ஒவ்வொரு தடவை திருத்திச் சேமிக்கறப்பவும் பழசு அழியாது. அது பாட்டுக்குக் கீழ இருக்கும். புதுசு மேல ஏறிக்கும். திருத்தறவங்க பேரும் பதிஞ்சுக்கும். எதுக்குத் திருத்துனோம்னு ஒரு குறிப்பு எழுதுனாத்தான் சேமிக்கவே விடும்."

"அவனா எதையும் சேத்துக்க மாட்டானா?"

"மாட்டாருங்க. இன்னைக்குப் பேசுனது இன்னைக்கோட சரி. நாளைக்கு எந்திரிச்சா எழுதி வெச்சிருக்கறது மட்டுந்தான் ஞாபகம் இருக்கும். ஆராவது எழுதிச் சேத்தாத்தான் உண்டு."

"மனுசன் என்ன அம்மிணி, வரி வரியாவா இருப்பான்?"

"பெட்டியில அப்படித்தானுங்க இருக்கறாரு." அவள் லேசாகச் சிரித்தாள். "நான் இப்ப ரெண்டு பதிப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எது மாறியிருக்குதுன்னு கேக்கப்போறன். கழித்தல் குறி போட்டு வந்தா அந்த வரியை எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். கூட்டல் போட்டு வந்தா புதுசாச் சேத்தது. மாறாததை அது காட்டவே காட்டாது."

"சரி. ஆனா நீ படிச்சுச் சொல்லாத. நானே படிச்சுக்கறேன்."

"ஏனுங்க மாமா, என்மேலயும் சந்தேகமா?"

"உங்கம்மா பெத்த புள்ளதான நீ?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் காகிதங்களைப் பார்த்தார்.

இரண்டாம் பதிப்பையும் மூன்றாம் பதிப்பையும் ஒப்பிடும்படி இனியா கட்டளையைத் தட்டினாள். திரையில் சிவப்பாக ஒரே ஒரு வரி வந்தது. நல்லசிவம் படிப்பைச் சீக்கிரமே முடித்துக்கொண்டவர். திரைக்குக் கிட்டே குனிந்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கழித்தல். நல்… நல்லசிவம் பேரை… எடுக்காதே. அவரைப் பற்றிக்… கேட்காதே."

நிமிர்ந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன.

"அடியில ஆரு பேரு போட்டிருக்குது?"

"அம்மா பேருங்க" என்றாள் இனியா. "போன வாரம் சேமிச்சிருக்கறாங்க."

"பாத்தீங்களா சார்?" நல்லசிவம் அதிகாரியிடம் திரும்பினார். அவர் குரலில் ஜெயித்தவனுடைய மிடுக்கு இருந்தது. "என் பேரையே எடுக்க மாட்டேன்னு இருந்தவன் அவன். அதுதான் ஈஸ்வரமூர்த்தி. அந்த வரியைப் புடுங்கிப்போட்டு, மச்சான் வா, உக்காருன்னு பேச வெச்சிருக்கறா என் பொறந்தவ. எழுதிக்குங்க. இது அவனில்ல."

"அண்ணா…" என்றாள் மேகலா.

"என்ன அண்ணா? ஆஸ்பத்திரியில கெடக்கறப்பவும் இதே வேலைதான் பண்ணுன. 'அவரு கூப்புடறாரு, வாங்க வாங்க'ன்னு போன் மேல போன். நான் என்ன சொன்னேன்? கூப்புடறது நீ, அவனில்ல. அவன் வாயால கூப்புடட்டும், வர்றேன்னேன். கூப்புட்டானா?"

"வாயில கொழா சொருவியிருந்துதுண்ணா" என்றாள் மேகலா. "வாயால எப்படிக் கூப்புடுவாரு?"

நல்லசிவம் அதைக் கேட்காத மாதிரி துண்டை உதறினார். அதிகாரி பேனாவை எடுத்துவிட்டார்.

அவர் எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பெட்டியைத் துடைத்திருப்பார்கள். நல்லசிவம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அவருக்கு ஒரு ஆசை வந்தது. மனிதனுக்கு இந்த மாதிரி ஆசைகள் வரும். தன்னை வெறுத்தவன் தன் கையால் வெறுப்பை எழுதி வைத்திருப்பதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அப்படிப் பார்த்துவிட்டால், போகாதது சரிதான் என்று சாகிற வரைக்கும் நிம்மதியாக இருந்துகொள்ளலாம்.

"அந்த வரியை அவன் எப்ப எழுதுனான்? அதைக் காட்டு அம்மிணி."

இனியாவின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"காட்டு" என்றாள் மேகலா. "நானும் எத்தனை நாளைக்குத்தான் வெச்சிருக்கறது."

இனியா ஒன்றாம் பதிப்பையும் இரண்டாம் பதிப்பையும் ஒப்பிட்டாள். இப்போது பச்சையாக ஒரு வரி வந்தது. அதே வரி. முன்னால் கூட்டல் குறி. நல்லசிவம் அதை மறுபடி எழுத்துக் கூட்டவில்லை. நேராக அடியில் பெயரைத் தேடினார். அந்தப் பெயரைப் படிக்க அவருக்குப் படிப்பு வேண்டியதில்லை.

மேகலா.

பக்கத்தில் குறிப்பு: தினமும் கேட்கிறார். தாங்க முடியவில்லை.

"என்ன கேட்டான்?" என்றார் நல்லசிவம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மேகலா சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். "பெட்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கு என்னைக் கேக்கல, புள்ளையக் கேக்கல. 'மச்சான் வந்தானா?'ன்னுதான் மொதல்ல கேட்டாரு. வரலைங்கன்னேன். மறுநாள் காலையில எந்திரிச்சதும் அதேதான். அதுக்கடுத்த நாளும் அதேதான். ஆஸ்பத்திரியில எந்த நெனப்பில போனாரோ, அந்த நெனப்பிலயே இருக்கறாரு. காலையில எந்திரிச்சா எனக்கு அந்தக் குரலைக் கேக்கவே பயமாப் போச்சுண்ணா. இவளைத்தான் என் பேருல எழுதச் சொன்னேன், இனிமே கேக்காதீங்கன்னு. அப்பறம் அவரு கேக்கல. பூட்டறதுக்கு முந்தி என் வரியை நானே எடுத்துட்டேன். அவரு எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கட்டும்."

நல்லசிவம் நம்பவில்லை. நம்பிவிட்டால் அப்புறம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே நம்பவில்லை.

"அந்த வரியை எடுக்கறப்ப சத்தமில்லாம இன்னொன்னைச் சேத்திருப்பீங்க. மச்சான் மச்சான்னு உருகறதை. ஒண்ணாம் பதிப்பையும் மூணாம் பதிப்பையும் போடு. நடுவுல இருக்கறதை உட்டுரு."

இனியா தட்டினாள். அடுத்த வரியில் சின்ன வெள்ளைக் கோடு ஒன்று மினுங்கிக்கொண்டு நின்றது. வேறொன்றும் வரவில்லை.

"என்ன, நின்னு போச்சா?"

"இல்லீங்க மாமா. முடிஞ்சுது."

"ஒண்ணுமே வரலையே."

"ஒண்ணும் வரலைன்னா ரெண்டும் ஒண்ணுதானுங்க. ஆஸ்பத்திரியில அப்பா தலையில இருந்து வந்ததும் இப்பப் பேசுனதும் ஒரு புள்ளிகூட மாறல."

"மிசினு கெட்டுப் போயிருந்தா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் பதிப்பைத் தனியாக நகல் எடுத்தாள். அதில் எங்கேயோ ஒரு இடத்தில் ஒரே ஒரு கால்புள்ளியை அழித்துவிட்டு மறுபடி கட்டளையைத் தட்டினாள். உடனே சிவப்பில் ஒரு வரி, பச்சையில் ஒரு வரி வந்து விழுந்தன. நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழையபடி ஒன்றையும் மூன்றையும் ஒப்பிட்டாள். வெள்ளைக் கோடுதான் மினுங்கியது.

நல்லசிவம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆயிரம் அடி இறங்கியும் ஈரம் காட்டாத போரின் பக்கத்தில் நின்றிருக்கிறார். நிலத்துக்காரன் முகத்தைப் பார்க்க முடியாமல் வானத்தைப் பார்த்திருக்கிறார். அதெல்லாம் இதோடு சேர்த்தி இல்லை. யாராவது எதையாவது சேர்த்திருந்தால் அவர்கள்மேல் கோபப்பட்டிருக்கலாம். எடுத்திருந்தாலும் கோபப்பட்டிருக்கலாம். ஒன்றும் இல்லாததன்மேல் எப்படிக் கோபப்படுவது?

மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கூப்புட்டிருக்கறான்" என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

மேகலா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஒரே ஒரு வரி சேத்துக்கலாங்கண்ணா. பூட்டறதுக்கு முந்தி. 'மச்சான் வந்துட்டாரு, பேசியாச்சு'ன்னு. அப்படிப் போட்டா அதுக்கப்பறம் கேக்க மாட்டாரு."

"சாட்சி ஒத்துக்கிட்டா சேக்கலாம்" என்றார் அதிகாரி. "எல்லாரும் செய்யறதுதான். நாலாம் பதிப்புன்னு போட்டுப் பூட்டிரலாம்."

"பூட்டிட்டா அப்பறம் வழியில்லீங்க மாமா" என்றாள் இனியா. "நீங்க தெனமும் வந்து பேசுனாலும் மறுநாள் அவருக்குத் தெரியாது. நீங்க வரவே இல்லைன்னுதான் எந்திரிப்பாரு. எப்பவுமே."

நல்லசிவம் யோசித்தார். யோசிக்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வரி. பொய்கூட இல்லை, வந்துதான் இருக்கிறார். மாப்பிள்ளைக்கும் நிம்மதி, தங்கைக்கும் நிம்மதி. தனக்கு எல்லாரையும்விட நிம்மதி. பஸ் ஸ்டாண்டுக் கடைகளைப் பார்த்துக் காறித் துப்பியவர் அவர். அங்கே படியேறினவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஒரு வரி, ஒரே ஒரு வரி என்று ஏறியிருப்பார்கள் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. குடிகார அப்பனுக்கு மகன் எழுதியதும் அப்படி ஒரு வரியாகத்தான் இருக்கும். அவர்கள்மேல் இருந்த இளக்காரம் போய்விட்டது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்."

"ஏண்ணா?"

"அவன் கேட்டது ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு. அங்க வந்தனா நானு?"

அதற்கும் அவரே பதில் சொன்னார்.

"வரல. வராததை வந்ததா எழுதி அவன் தலைக்குள்ள சொருவறதுக்கு நான் ஆரு? அவன் கூப்புட்டான், நான் போகல. அது அப்படியேதான் கெடக்கோணும்."

மேகலாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அதுவரை போட்டுக்கொண்டிருந்த 'ங்க' எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது.

"உனக்கென்ன, வாயில சொல்லீட்டு வண்டியைத் தட்டி எடுத்துட்டுப் போயிருவ. நாளைக்குக் காலையில ஆரு கேக்கறது? நான் கேக்கோணும். நான் சாகற மட்டும் தெனமும் எந்திரிச்சு, வரலைங்க வரலைங்கன்னு அந்த மனுசனுக்குப் பதில் சொல்லோணும். உன்ற ரோசத்துக்கு அன்னைக்கு அவரு கெடந்து தவிச்சாரு. இன்னைக்கு உன்ற நியாயத்துக்கு நானா?"

"அம்மா…" என்று இனியா அவள் கையைப் பிடித்தாள்.

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நல்லசிவத்தால் தள்ள முடியவில்லை. பெட்டியைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கேளுங்க" என்றார் நல்லசிவம்.

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாடமாக இருந்ததைச் சொன்னார். "இந்தப் பெட்டியில் இருக்கும் மூன்றாம் பதிப்பு, காலமான ஈஸ்வரமூர்த்திதான் என்று உங்கள் மனசாட்சிப்படி சொல்கிறீர்களா?"

"அவன்தான்."

கைநாட்டு வைக்கச் சின்னத் தகடு ஒன்றை அதிகாரி நீட்டினார். நல்லசிவம் கட்டைவிரலை அழுத்தினார். அதிகாரி தனக்குத் தெரிந்த அந்த ஒரு பட்டனை அமுக்கினார். கருப்புத் திரையில் ஒரு வரி வந்தது. இனியா படித்துச் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. அதிகாரி காகிதங்களை அடுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் டம்ளரை எடுத்தாள். இனிமேல் அண்ணனிடம் பேசக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தது முதுகிலேயே தெரிந்தது. அந்தக் குடும்பத்து ரோசம் அவளுக்கும் கொஞ்சம் உண்டு.

"புள்ள" என்றார் நல்லசிவம்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"காலையில எந்நேரத்துக்குக் கேப்பான்?"

மேகலா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"விடிஞ்சு, நான் வாசல் தெளிச்சுட்டு உள்ள வந்ததும்."

"அப்ப நீ தெளிக்கறதுக்கு முந்தி வந்தர்றேன்" என்றார் அவர். "கேட்டைத் தாப்பாப் போடாத. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் எட்டிக் குதிக்க முடியாது."